ஆதர் கொஸ்: ரொறன்ரோவின் ஒழுங்கைகளைப் படம்பிடித்த எழுதுவினைஞர்

ரொறன்ரோவில் வாழும் நம்மவர்களில் அநேகமானவர்கள் ஒருமுறையாவது காசில் பிராங் நிலையத்துக்கும் புரோட்வியூ நிலையத்துக்குமிடையில் பாதாள ரயிலில் பயணித்திருப்பார்கள். நிலத்துக்கடியில் ஓடிக்கொண்டிருக்கும் ரயில் அவ்விடத்தில் திடீரென்று வெளிச்சத்துக்கு வரும். இரும்புச் சட்டங்களினூடாக டொன் பள்ளத்தாக்கும், அதனூடாக ஓடும் நெடுஞ்சாலையும், மரங்களும் தெரியும். ஒரு நிமிடம்கூட நீடிக்காது. மறுபடியும் இருள்.

1990களின் இறுதியில் நான் சென். ஜேம்ஸ் டவுன் அடுக்குமாடியொன்றில் நண்பர்கள் சிலருடன் தங்கியிருந்தேன். டான்போர்த் பகுதியில் உணவகமொன்றில் கோப்பை கழுவும் வேலை. ஆகவே நாளுக்கு இருமுறை அந்தப் பாலத்தைக் கடக்கவேண்டியிருந்தது. போகும்போது பகல் வெளிச்சம், திரும்பும்போது வாகன வெளிச்சங்கள். அந்த வெளிச்சத்துக்காகவே ஜன்னலோரத்தில் இருப்பேன். ஆனால் அந்தப் பாலத்தைக் கட்டியவர்கள் யார், அதை யாராவது படம்பிடித்திருப்பார்களா என்றெல்லாம் அப்போது யோசித்ததில்லை.

அந்த யோசனையை ஏற்படுத்தியது ஒரு நாவல். இலங்கையில் பிறந்து, 1962-இல் கனடாவுக்கு வந்த மைக்கல் ஒண்டாச்சி 1987-இல் வெளியிட்ட 'இன் த ஸ்கின் ஒஃப் எ லயன்' என்பதே அது. இந்தப் பாலத்தையும், நகருக்கான நீர் விநியோக வேலைகளையும் கட்டிய குடிவரவாளர்களின் கதை. அதில் நகரத்தின் புகைப்படக்காரராக ஆதர் கொஸ் என்றொருவர் வந்துபோகின்றார். கதாசிரியரின் கற்பனைப் பாத்திரம் என்றுதான் முதலில் நினைத்தேன். பின்னர்தான் அவர் இந்நகரில் வாழ்ந்து மறைந்த ஓர் உண்மையான மனிதர் என்பதையும், அவர் எடுத்த 25,000-க்கும் அதிகமான படங்கள் ஸ்பெடைனா வீதியிலுள்ள ரொறன்ரோ மாநகர ஆவணக்காப்பகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன என்பதையும் அறிந்துகொண்டேன்.

ஒரு வேலையில்லா நாளில் அங்கு போனேன். பாலத்தைப் பார்க்கத்தான் போனேன். ஆனால் அன்று என்னை நிறுத்தி வைத்தவை வேறு படங்கள். ஒழுங்கைகள், பின்வளவுகள், பனியில் உறைந்துபோன முற்றத்துத் தண்ணீர்க் குழாய்கள், உடுப்புக் காயும் கொடிகள், வாசற்படியில் நின்று கமெராவைப் பார்க்கும் பிள்ளைகள். யாரும் ஞாபகத்துக்காக எடுத்து வைத்துக்கொள்ளும் படங்கள் அல்ல அவை. அவற்றை எடுத்த மனிதரைப் பற்றித்தான் இக்கட்டுரை.

அலுவலகப் பையன்

ஆதர் கொஸ் 1881-இல் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள லண்டன் நகரில் பிறந்தார். அவர் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் ரொறன்ரோவுக்கு வந்துவிட்டது. தந்தையாரை இளவயதிலேயே இழந்தார். பத்துப் பதினொரு வயதில், அதாவது 1890களின் தொடக்கத்தில், மாநகரப் பொறியியலாளர் அலுவலகத்தில் எடுபிடிப் பையனாக வேலைக்குச் சேர்ந்தார். நம்மூரில் தகப்பனை இழந்த மூத்த பையன்கள் கடைக்கு நிற்கப் போவதை இதனுடன் ஒப்பிடலாம். அன்று சேர்ந்த அந்த மாநகர சேவையிலேயே, இடையில் வேறெங்கும் போகாமல், 1940-இல் இறக்கும்வரை இருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு!

கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுப்பதில் தொடங்கி, எழுதுவினைஞராகி, வரைபடங்களுடன் பழகி, படிப்படியாக மேலே வந்தவர் அவர். இதற்கிடையில்தான் புகைப்படக்கலை அவரைப் பற்றிக்கொண்டது. பகலில் மாநகரசபை ஊழியர். ஓய்வு நேரத்தில் ரொறன்ரோ கமெராக் கழகத்தின் உறுப்பினர். இப்படியொரு இரட்டை வாழ்க்கை.

கலையா, பதிவா?

அவர் இளைஞராக இருந்த காலத்தில் புகைப்பட உலகில் ஒரு பெரும் வாதம் நடந்துகொண்டிருந்தது. புகைப்படம் ஒரு கலையா அல்லது வெறும் இயந்திரப் பதிவா என்பதே அது. கலைதான் என்று நிரூபிக்க முயன்றவர்கள், தமது படங்களை ஓவியங்களைப் போல் தோற்றமளிக்கும்படி ஆக்கினார்கள். கூர்மையைக் குறைத்தார்கள். பனிமூட்டம், அந்திவெளிச்சம், ஜன்னலோரத்துப் பெண் என்று விடயங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பிளாட்டினம், பசை போன்றவற்றைப் பயன்படுத்தும் நுட்பமான அச்சு முறைகளைக் கையாண்டார்கள். நியூயோர்க்கில் அல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் 1902-இல் தொடங்கிய குழுவும், 1903-இலிருந்து 1917 வரையில் அவர் நடத்திய 'கமெரா வேர்க்' சஞ்சிகையும் இவ்வியக்கத்தின் மையமாக விளங்கின.

இந்த இடத்தில் நமக்கு நெருக்கமான ஒருவரையும் நினைவுகூரலாம். கொழும்பில் பிறந்த, சேர் முத்து குமாரசுவாமியின் புதல்வரான ஆனந்த குமாரசுவாமி இதே ஸ்டீக்லிட்ஸின் நண்பர். 1924-இல் ஸ்டீக்லிட்ஸின் படங்களை பொஸ்டன் நுண்கலை நூதனசாலையின் சேகரிப்பில் சேர்க்கச் செய்தவர் அவரே. புகைப்படத்தைக் கலைப்பொருளாக ஏற்றுக்கொண்ட முதல் நூதனசாலைகளில் ஒன்றாக அது ஆனதில் ஓர் ஈழத்துத் தமிழ்த் தந்தையின் மகனுக்குப் பங்குண்டு.

கொஸ்ஸும் இந்த இயக்கத்தைச் சேர்ந்தவர்தான். கனடாவில் இவ்வியக்கத்தை முன்னெடுத்தவர்களில் ஒருவரான சிட்னி காட்டர் அவருடைய தோழர். இருவரும் ஒருமித்த இரசனையுள்ளவர்கள். மென்மையான வெளிச்சத்தில் எடுக்கப்பட்ட கொஸ்ஸின் உருவப்படங்களும் நிலக்காட்சிகளும் கண்காட்சிகளில் வைக்கப்பட்டன. கலைஞர் என்று அறியப்படவேண்டும் என்பதே அவரது ஆசையாக இருந்திருக்கவேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் காலம் அவரை நினைவில் வைத்திருப்பது அதற்காக அல்ல.

1911

1911-ஆம் ஆண்டு மாநகரசபையின் பொதுவேலைத் திணைக்களத்தில் புகைப்படத்துக்கும் நீலப்பட அச்சுக்குமென ஒரு பிரிவு உருவாக்கப்பட்டது. அதற்குப் பொறுப்பாக கொஸ் நியமிக்கப்பட்டார். இவ்வாறுதான் அவர் ரொறன்ரோவின் முதலாவது உத்தியோகபூர்வப் புகைப்படக்காரரானார்.

அக்காலத்தில் நகரம் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. வீதிகள், கழிவுநீர்க் கால்வாய்கள், டிராம் வண்டிப் பாதைகள், நீர் வடிகட்டும் நிலையங்கள், பாலங்கள் என்று எங்கு பார்த்தாலும் வேலை. ஒப்பந்தக்காரர் சரியாகச் செய்தாரா? வீதி உடைந்தது எதனால்? வழக்கு வந்தால் எதைக் காட்டுவது? இத்தகைய கேள்விகளுக்குப் பதிலாகவே மாநகரசபைக்குப் படங்கள் தேவைப்பட்டன. அழகு அங்கு யாருக்கும் தேவைப்படவில்லை. கூர்மையாக இருக்கவேண்டும், இடம் தெளிவாகத் தெரியவேண்டும், இன்ன திகதி என்று தெரியவேண்டும். அவ்வளவுதான். பல படங்களின் அடியில் இலக்கமும் திகதியும் இருப்பதை இன்றும் காணலாம்.

அவர் பயன்படுத்திய கருவியையும் கொஞ்சம் கற்பனை செய்து பார்க்கவேண்டும். முக்காலியில் நிற்கும் பெரிய மரப்பெட்டிக் கமெரா. கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துப் பார்த்தால் பின்பக்கக் கண்ணாடியில் காட்சி தலைகீழாகத் தெரியும். குவியத்தைச் சரிசெய்த பின் கண்ணாடித் தகட்டைச் செருகவேண்டும். ஒரு தகட்டில் ஒரேயொரு படம். இருட்டறைகளை எடுப்பதற்கு அக்காலப் புகைப்படக்காரர்கள் மக்னீசியத் தூளைக் கொளுத்துவார்கள். ஒரு வீட்டுக்குள் இந்தச் சாமான்களுடன் போனால் அந்த வீட்டாருக்குத் தெரியாமல் எதையும் எடுக்கமுடியாது. ஆகவே கொஸ்ஸின் படங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் தாம் படம்பிடிக்கப்படுகிறோம் என்பதை அறிந்தே நிற்கின்றார்கள். அசைந்துவிட்ட பிள்ளைகள் மட்டும் புகைபோல் கலங்கித் தெரிகிறார்கள்.

வார்ட் என்றொரு குடியிருப்பு

இன்று ரொறன்ரோ நகரமண்டபமும் நேதன் பிலிப்ஸ் சதுக்கமும் அமைந்துள்ள பகுதி, அன்று ஏழைக் குடிவரவாளர்களின் குடியிருப்பு. புனித யோவான் வட்டாரம் என்பது அதன் முழுப்பெயர். மக்கள் அதைச் சுருக்கமாக வார்ட் என்று அழைத்தார்கள். தெற்கே குயீன் வீதி, வடக்கே கொலிஜ் வீதி, கிழக்கே யங் வீதி, மேற்கே யூனிவேர்சிற்றி அவெனியூ என்பன அதன் எல்லைகள். 2009-இல் அமெரிக்கத் துணைத்தூதரகத்தின் முன்னால் நம்மவர்கள் நாட்கணக்காக நின்று குரல்கொடுத்த அதே யூனிவேர்சிற்றி அவெனியூதான். அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த கறுப்பினத்தவர், பஞ்சத்துக்குத் தப்பிவந்த ஐரிஷ்காரர், பின்னர் கிழக்கு ஐரோப்பிய யூதர்கள், இத்தாலியர்கள், சீனர்கள் என்று வந்திறங்கியவர்களெல்லாம் முதலில் தங்கிய இடம் இது. நமக்கு சென். ஜேம்ஸ் டவுன் எப்படியோ, அவர்களுக்கு வார்ட் அப்படி.

1910-இல் டொக்டர் சார்ள்ஸ் ஹேஸ்டிங்ஸ் என்பவர் நகரின் சுகாதார வைத்திய அதிகாரியாகப் பதவியேற்றார். அசுத்தமான பாலால் வந்த நெருப்புக் காய்ச்சலுக்குத் தன் மகளைப் பறிகொடுத்த மனிதர் அவர். சுத்தமான தண்ணீர், சுத்தமான பால், கழிவகற்றல் ஆகியவற்றுக்காக அவர் பிடிவாதமாக நின்றார். 1911-இல் நகரின் சேரி நிலைமைகளைப் பற்றி ஓர் அறிக்கையை வெளியிட்டார். ரொறன்ரோவில் சேரியே இல்லை என்று நம்பிக்கொண்டிருந்த கனவான்களை அது அதிர்ச்சிக்குள்ளாக்கியது. நகரமண்டபத்தின் மணிக்கூட்டுக் கோபுரத்தின் நிழலிலேயே அந்தச் சேரி இருந்தது. அன்றைய நகரமண்டபம் 1899-இல் திறக்கப்பட்ட, இன்று பழைய நகரமண்டபம் என்று அழைக்கப்படும் கட்டடமாகும்.

ஹேஸ்டிங்ஸின் திணைக்களத்துக்காக கொஸ் வார்ட்டின் ஒழுங்கைகளுக்குள் நுழைந்தார். முற்றத்து மலசலகூடங்கள், பல குடும்பங்களுக்குப் பொதுவான ஒற்றைக் குழாய், சாய்ந்துபோன மரக் கொட்டில்கள், கட்டிலும் அடுப்பும் ஒரே அறையில் இருக்கும் வீடுகள் எல்லாவற்றையும் எடுத்தார். நியூயோர்க்கில் ஜேக்கப் ரீஸ் 1890-இலேயே தன் நூலினூடாகவும், லூயிஸ் ஹைன் 1908-இலிருந்து தொழிற்சாலைச் சிறுவர்களின் படங்களினூடாகவும் இப்படியொரு காரியத்தைச் செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் ரீஸ் பத்திரிகையாளர். ஹைன் சிறுவர் தொழிலுக்கெதிராக இயங்கியவர். கொஸ் சம்பளத்துக்கு வேலை செய்த மாநகர ஊழியர். மேலதிகாரி அனுப்பிய விலாசத்துக்குப் போய், சொன்னதை எடுத்துக்கொண்டு வருவதே அவருடைய கடமை.

அப்படியிருந்தும் அப்படங்களில் ஏதோவொன்று மிச்சமாக இருக்கின்றது. சேரியைக் காட்டத்தானே அனுப்பினார்கள்? இருந்தும் வெளிச்சம் எந்தப் பக்கத்தால் விழவேண்டும் என்பதில் அவருக்குக் கவனம் இருக்கின்றது. கமெராவைப் பெரும்பாலும் நேருக்கு நேராக வைக்கிறார். பிள்ளைகளை விரட்டிவிட்டு வெறும் சுவரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். அவர் அவர்களை நிற்க விடுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னலோரத்து வெளிச்சத்தைத் தேடிய அதே கண்கள்தாம் திங்கட்கிழமை எலிசபெத் வீதியின் பின்வளவிலும் பார்க்கின்றன என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஆனால் இதை ஒரேயடியாகப் புகழ்ந்துவிட்டுப் போகவும் என்னால் முடியவில்லை. ஒரு குடிவரவாளனாக, நான் கமெராவுக்கு முன்னால் நிற்பவர்களின் பக்கத்தைச் சேர்ந்தவன். அந்தப் பெண்ணின் சமையலறைக்குள் ஒருநாள் அரசாங்க மனிதர்கள் வந்து படம் எடுத்துப் போகிறார்கள். அந்தப் படத்தில் அவளுடைய பெயர் இல்லை. சுகாதாரக் கேடு என்பதற்கான சான்று அவளுடைய வீடு. இவ்வறிக்கைகளின் பின் குடியிருக்கத் தகுதியற்றவை என்று தீர்மானிக்கப்பட்ட வீடுகள் இடிக்கப்பட்டன. 1912-இல் அமைக்கப்பட்ட ரொறன்ரோ வீடமைப்பு நிறுவனம் நல்ல குடியிருப்புகளைக் கட்டியது உண்மைதான். ஆனால் அவற்றின் வாடகை வார்ட்டின் ஏழைகளுக்கு எட்டாததாக இருந்தது. 1913-இல் வார்ட்டின் வடக்குப் பகுதியில் ரொறன்ரோ பொது வைத்தியசாலை எழுந்தது. 1965-இல் இன்றைய நகரமண்டபம் திறக்கப்பட்டபோது வார்ட்டில் பெரிதாக எதுவும் எஞ்சியிருக்கவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். தண்ணீருக்குக் குளோரின் இடுவது 1910-இல் தொடங்கியது. பாலைக் காய்ச்சிக் கிருமிநீக்கம் செய்யவேண்டும் என்ற விதியும் 1910களின் நடுப்பகுதியில் வந்தது. 1929-இல் ஹேஸ்டிங்ஸ் ஓய்வுபெற்றபோது நெருப்புக் காய்ச்சல் இந்நகரில் அரிதான நோயாகிவிட்டிருந்தது. கொஸ்ஸின் படங்கள் இந்த மாற்றத்துக்கும் பயன்பட்டன; மக்களை வெளியேற்றவும் பயன்பட்டன. இரண்டையும் ஒன்றாகவே மனதில் வைத்திருக்க வேண்டியிருக்கின்றது.

பாலம்

1915-இல் டொன் பள்ளத்தாக்கின் குறுக்கே பாலம் கட்டும் வேலை தொடங்கியது. பொதுவேலைகள் ஆணையாளராக இருந்தவர் ஆர். சி. ஹரிஸ், கட்டடக் கலைஞர் எட்மண்ட் பேர்க். பள்ளத்தாக்கின் அடியிலிருந்து ஏறக்குறைய 40 மீற்றர் உயரம். 1918-இல் பாலம் திறந்து வைக்கப்பட்டது. அத்திவாரம் தோண்டியதிலிருந்து தளம் பூர்த்தியானதுவரை கொஸ் அதைத் தொடர்ந்து படம்பிடித்தார். பள்ளத்தாக்கின் இரு பக்கங்களிலுமிருந்து இரும்பு வளைவுகள் ஒன்றையொன்று நோக்கி வளர்ந்து வருவதை அப்படங்களை வரிசையாகப் பார்க்கும்போது காணலாம். அந்த உயரத்தில் வேலை செய்பவர்கள் சிறு புள்ளிகளாகத் தெரிகிறார்கள்.

பாலத்தைத் திட்டமிட்டவர்கள் என்றாவது ஒருநாள் ரயில் ஓடும் என்று கருதி மேல்தளத்துக்குக் கீழே இன்னொரு தளத்துக்கும் இடம்விட்டிருந்தார்கள். 48 ஆண்டுகளுக்குப் பிறகு, 1966-இல், பாதாள ரயில் அதனூடாக ஓடத் தொடங்கியது. நான் கோப்பை கழுவப் போய்வந்தது அந்த முன்யோசனையின் மேல்தான்.

ஏழு ஓவியர்களின் மேசை

கொஸ்ஸை ஓர் அலுவலகப் படக்காரராக மட்டும் நினைத்துவிடக்கூடாது. கலை இலக்கியவாதிகள் கூடும் ஆர்ட்ஸ் அன்ட் லெட்டர்ஸ் மன்றத்தில் அவரும் ஒருவர். 1920-இல், கனடிய ஓவிய வரலாற்றில் பெரும் மாற்றத்தை ஏற்படுத்திய எழுவர் குழு உருவானபோது, அவர்கள் அம்மன்றத்தின் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் புகழ்பெற்ற படத்தை எடுத்தவர் கொஸ்தான். கனடியப் பாடப்புத்தகங்களில் அதைப் பார்த்திருப்பீர்கள். வார்லி, ஜக்சன், ஹரிஸ், ஜோன்ஸ்ரன், லிஸ்மர், மக்டொனால்ட் ஆகிய ஆறு ஓவியர்களுடன் பார்க்கர் பெயர்லி என்ற நண்பரும் அதில் இருக்கின்றார். ஏழாவது ஓவியரான பிராங்ளின் கார்மைக்கல் அன்று வரவில்லை. ஆளெண்ணிக்கை ஏழுதான், ஆனால் அந்த எழுவரல்ல!

இதில் எனக்கு ஒரு வேடிக்கை தெரிகின்றது. அதே ஆண்டில் அம்மன்றம் எல்ம் வீதியிலுள்ள கட்டடத்துக்குக் குடிவந்தது. அந்த வீதி வார்ட்டின் எல்லைக்குள் அடங்குவது. மேசையில் இருந்த ஒவ்வொருவருடைய பெயரும், வராதவருடைய பெயரும்கூட நமக்குத் தெரியும். சில வீதிகள் தள்ளி வாசற்படியில் நின்ற ஒரு பிள்ளையின் பெயரும் தெரியாது. இரண்டையும் எடுத்தவர் ஒருவரே.

மறைவும் மீள்வருகையும்

1940-இல் கொஸ் காலமானார். அவர் பணியாற்றிய ஆணையாளர் ஹரிஸின் பெயரைத் தாங்கிய பெரிய நீர் சுத்திகரிப்பு நிலையம் அதற்கு அடுத்த ஆண்டு திறக்கப்பட்டது. கொஸ்ஸின் பெயரை எந்தக் கட்டடத்துக்கும் வைக்கவில்லை. கண்ணாடித் தகடுகள் மாநகரசபையின் அலுமாரிகளில் கிடந்தன. 1960-இல் மாநகர ஆவணக்காப்பகம் ஏற்படுத்தப்பட்டபின் அவை வரலாற்றாசிரியர்களின் கைகளுக்கு வந்தன. பின்னர் ஒண்டாச்சியின் நாவல் வந்தது. பெயரில்லாமல் நின்ற தொழிலாளருக்கு அந்நாவல் பெயர்களையும் காதலையும் கோபத்தையும் கொடுத்தது. 2002-இல் கனடா முழுவதும் வாசிக்கவேண்டிய நூலாக அது தெரிவுசெய்யப்பட்டபோது இன்னும் பலர் கொஸ்ஸைத் தேடிப் போயிருப்பார்கள். 2013-இல், அப்போது ரையர்சன் என்ற பெயரிலிருந்த பல்கலைக்கழகத்தின் புகைப்படக் காட்சிக்கூடம் அவருடைய படங்களை மட்டுமே கொண்ட ஒரு கண்காட்சியை நடத்தியது. கலைஞனாக விரும்பிய மனிதரின் அலுவலகப் படங்கள் இறுதியில் கலைக்கூடத்தின் சுவருக்கு வந்து சேர்ந்தன. பாரிஸில் பழைய தெருக்களைப் படம்பிடித்து, ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் விற்றுப் பிழைத்த யூஜீன் அட்ஜேயின் கதையும் ஏறக்குறைய இத்தகையதே.

எங்கள் ஒழுங்கை

இனி என்னைப் பற்றிக் கொஞ்சம். ஆவணக்காப்பகத்தில் முதல்நாள் அந்த ஒழுங்கைப் படங்கள் ஏன் என்னை நிறுத்தின என்பதை அப்போது என்னால் சொல்லமுடியவில்லை. பின்னர்தான் விளங்கியது.

1995 ஒக்ரோபர் மாத இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது எங்கள் வீட்டாரும் வெளியேறினார்கள். அல்பங்களை எடுத்துக்கொண்டு போக அவகாசம் இருக்கவில்லை. திரும்பிப் போனபோது வீட்டுக்குக் கூரையே இல்லை. பிறகு அல்பம் எங்கே? படங்கள் போய்விட்டனவே என்று அம்மா தொலைபேசியில் அழுவார். நானும் நெடுங்காலம் அதையே பெரிய இழப்பாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் கொஸ்ஸின் படங்களைப் பார்த்தபின் அந்த அல்பத்தில் என்னென்ன இருந்தன என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். அக்காவின் சாமத்திய வீடு, மாமாவின் கலியாணம், ஸ்டூடியோவில் எடுத்த என்னுடைய முதலாவது பிறந்தநாள் படம். எல்லாம் மாலையும் கழுத்துமாக, திரைச்சீலைக்கு முன்னால். எங்கள் ஒழுங்கை ஒன்றில்கூட இல்லை. கிடுகு வேலி இல்லை. கிணற்றடி இல்லை. சங்கக்கடை வாசலில் குந்தியிருப்பவர்கள் இல்லை. அல்பம் தப்பியிருந்தாலும் நான் தேடும் ஊர் அதற்குள் இருந்திருக்காது. அதைப் படம்பிடிக்கவேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. அதற்கென்று சம்பளம் பெற்ற ஓர் எழுதுவினைஞரும் எங்கள் கிராமசபையில் இருந்ததில்லை. இருந்திருந்தாலும் அந்தத் தகடுகளுக்கு என்ன நடந்திருக்கும் என்பதை, 1981-இல் யாழ் நூலகம் எரிந்ததை அறிந்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

அதன்பின் பாவித்த கமெராவொன்றை வாங்கினேன். தொடக்கத்தில் எல்லோரையும்போல் நயாகரா நீர்வீழ்ச்சி, இலையுதிர்கால மரங்கள் என்றுதான் எடுத்தேன். எதிலும் மனம் ஒட்டவில்லை. பிறகு கொஸ்ஸின் வழியில் இறங்கினேன். அடுக்குமாடியின் நீண்ட நடைபாதை. வாசல்களில் குவிந்திருக்கும் செருப்புகள். துணி தோய்க்கும் இயந்திரங்கள் இருக்கும் நிலவறை. ஸ்கார்பரோவில் தமிழ்க் கடைகள் இருக்கும் பிளாசாக்களின் பின்பக்கம், மரக்கறிப் பெட்டிகள் இறக்கும் இடம். பனிக்குள் பஸ்ஸுக்கு நிற்கும் வேட்டி கட்டிய ஐயர். அவரைப்போலவே ஒவ்வொரு படத்துக்கும் இடத்தையும் திகதியையும் கொப்பியொன்றில் எழுதிவைக்கத் தொடங்கினேன்.

ஒரேயொரு விடயத்தில் மட்டும் அவரிடமிருந்து விலகினேன். படத்தில் யாராவது இருந்தால் அவர்களிடம் கேட்டு, சம்மதித்தால் பெயரையும் எழுதிக்கொள்வேன். பெரும்பாலானவர்கள் முதலில் சிரிப்பார்கள். இந்தக் குப்பையை ஏன் தம்பி எடுக்கிறீர் என்று கேட்டவர்களும் உண்டு. ஆனால் பெயரைக் கேட்டதும் நேராக நிமிர்ந்து நிற்பார்கள். அந்த நிமிர்வு வார்ட்டுப் பிள்ளைகளிடமும் இருக்கின்றது. எடுக்க வந்தவர் எதற்காக வந்தார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்காவிட்டாலும், யாரோ தங்களைப் பார்க்கிறார்கள் என்பது தெரிந்திருக்கின்றது.

வேலை, வாடகை, ஊருக்கு அனுப்பும் காசு என்று ஓடிய அந்த ஆண்டுகளில் இந்த நகரம் எனக்கு ஒரு வெளியூராகவே இருந்தது. கமெராவுடன் நடக்கத் தொடங்கியபின்தான் வீதிகளின் பெயர்கள் மனதில் தங்கின. எந்த மணிக்கு எந்தச் சுவரில் வெயில் விழும் என்பது தெரியவந்தது. ஓரிடத்தை நேராகப் பார்த்துத் திகதியிட்டு வைப்பதே அந்த இடத்தில் வாழ்வதற்கான ஒரு வழி என்பதை, 1940-இல் இறந்துபோன மாநகரசபை எழுதுவினைஞர் ஒருவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

2018-இல் ஊருக்குப் போயிருந்தேன். முதல்நாள் காலையிலேயே கமெராவுடன் ஒழுங்கைக்குப் போனேன். கிடுகு வேலிகள் எல்லாம் மதில்களாகியிருந்தன. மண்பாதைக்குக் கொங்கிரீட் போட்டிருந்தார்கள். முன்வீட்டுப் பையன் சைக்கிளில் வந்து, எதைப் படம் எடுக்கிறீர்கள் என்று கேட்டான். ஒழுங்கையைத்தான் என்றேன். அவனும் சைக்கிளைப் பிடித்தபடி ஓரமாக நின்றான். எடுத்து முடித்தபின் இடத்தையும் திகதியையும் கொப்பியில் எழுதினேன். பிறகு அவனுடைய பெயரைக் கேட்டேன்.